ஊராட்சித் தலைவர் தேர்தல்: ‘நம்ம ஆளு’ என்பதற்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

ஊராட்சித் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போடப் போகிறவருக்கு யோசனை சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆட்கள் தயாராக இருப்பார்கள். காரணமும் கூடவே வரும்: நம்ம வகையறா, நம்ம தெரு, அத்தை வீட்டுப் பக்கம், போன தடவை அவங்க இருந்தாங்க, இந்தத் தடவை நாம இருக்கணும். சட்டமன்றத் தேர்தல் என்றால் கட்சி, கூட்டணி, முதல்வர் யார் என்று யோசிக்க நிறைய இருக்கும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதாவது ஒரு சுயேச்சைச் சின்னம்தான். கட்சி காலி செய்த நாற்காலியில் சாதியும் சொந்தமும் உட்கார்ந்துகொள்கின்றன.

“அடையாளமே பார்க்காதே, திறமையை மட்டும் பார்” என்று அறிவுரை சொல்வது சுலபம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அது முழு உண்மை இல்லை என்று தெரியும். வேட்பாளரின் சாதி, பால், அவர் குடியிருக்கும் தெரு ஆகியவை நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நாள் கணக்கு

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது வேட்புமனுத் தாக்கல் 9-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி முடிந்தது. 17 அன்று பரிசீலனை, 19 அன்று வாபஸ் பெறக் கடைசி நாள், 27 அன்று முதற்கட்ட வாக்குப்பதிவு. களத்தில் யார் யார் என்று முடிவான பிறகு வாக்காளருக்குக் கிடைத்தது எட்டு நாள். அந்த எட்டு நாளும் மைக் சத்தத்திலும் வீடுவீடாக வரும் கும்பிடுகளிலும் போய்விடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே தேர்தல் பேச்சு ஊரில் அடிபடத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பியுங்கள். யார் நிற்கப்போகிறார்கள் என்பது டீக்கடைக்கு ஆறு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

திறமை என்று பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. எந்த வேலைக்கான திறமை என்பதுதான் கேள்வி. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், ஊராட்சிச் சாலை, குப்பை, சுடுகாடு இவைதான் கிராம ஊராட்சியின் அன்றாடக் கடமைகள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி வசூலிப்பதும் ஊராட்சியே. பட்டா மாறுதல் வருவாய்த் துறையின் வேலை, முதியோர் உதவித்தொகை தாசில்தார் அலுவலகம் வழியாக வருவது. ஊருக்குக் குறுக்கே போகும் தார்ச் சாலை ஊராட்சிக்குச் சொந்தமா, ஒன்றியத்துக்கா, நெடுஞ்சாலைத் துறைக்கா என்று பார்க்காமல் “ரோடு போடுகிறேன்” என்று வாக்குக் கொடுப்பவருக்கு வேலையே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு விவரம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆம் நிதிக்குழு மானியத்தில் (மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் பணம்) 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது; 40 விழுக்காடுதான் ஊரின் விருப்பம். எந்த மானியத்துக்கும் இப்படி ஏதாவது ஒரு நிபந்தனை இருக்கும். அந்தப் பணத்தில் கல்யாண மண்டபம் கட்டித்தருவதாக ஒருவர் சொன்னால், “எந்தத் தலைப்பில் அண்ணே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

காகிதங்கள் மூன்று

முதலாவது, வேட்புமனுவோடு கொடுக்கும் உறுதிமொழி ஆவணம். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். வழக்கு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், எந்தப் பிரிவு என்று படியுங்கள். சாலை மறியல் வழக்கும் மோசடி வழக்கும் ஒன்றாகாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய 420 இப்போது 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. இன்னொன்று: ஊரில் சாதித் தகராறு நடந்தால் இரு தரப்பின் மீதும் எதிரும் புதிருமாக வழக்குப் போடுவது வழக்கம். அடி வாங்கியவர் பெயரும் வழக்கில் இருக்கும். யார் எதற்குச் சிக்கினார் என்பதை ஊரில் இரு தரப்பிலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டாவது, ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் வெளியிடும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்தந்த நிதியாண்டின் திட்டமும் செலவுச் சீட்டுகளும் வரும். நிதிக்குழு மானிய வேலைகள்தான் அதில் தெளிவாகக் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாநிலத் திட்டங்களின் கணக்கு வேறு இடத்தில். பட்டியலில் “மோட்டார் பழுது”, “வாய்க்கால் சீரமைப்பு” என்றிருக்கும் ஐந்து வேலைகளைத் தேர்ந்து அந்த இடத்துக்கே நடந்து போய்ப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும். ஏற்கெனவே தலைவராகவோ வார்டு உறுப்பினராகவோ இருந்தவர் மறுபடி நிற்கிறார் என்றால் இதைவிட நேரான சான்று இல்லை.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும். தலைவராக ஆசைப்படுபவர் இதுவரை எத்தனை கூட்டத்துக்கு வந்தார், வந்தபோது என்ன கேட்டார் என்று விசாரியுங்கள். கிராம சபைக்கு ஒருநாளும் வராமல் நேரே மாலை போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்க வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பழைய தலைவரின் கணக்கைப் பார்க்கும்போது ஆண்டுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2019 முடியும் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி தொடக்கத்தில் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலரிடம் போனது. அந்தக் காலத்தில் வந்த தண்ணீர்த் தொட்டியைத் “நான் கொண்டுவந்தது” என்று ஒருவர் சொல்லலாம். அப்போது நின்றுபோன வேலைக்கு இன்னொருவரைத் திட்டவும் செய்வார்கள். தேதியைப் பாருங்கள்.

நேரில் கேட்க வேண்டியவை

ஓட்டுக் கேட்டு வரும்போது கூட்டத்தோடு வருவார்கள், அங்கே பேச முடியாது. தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். குறைந்தபட்சம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், ஏனென்றால் அதில் மழுப்ப முடியாது.

வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 1,500 பேர் இருக்கும் ஊர் என்றால் 82,500 லிட்டர். ஊரில் இருப்பது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று என்றால் அதைக் கிட்டத்தட்ட மூன்று தடவை நிரப்ப வேண்டும். கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது, போர் எத்தனை மணி நேரம் ஓடினால் தொட்டி நிரம்புகிறது, வால்வைத் திறப்பது யார், எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கிறார், கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் போகிறது? மோட்டார் காயில் எரிந்துபோனால் கழற்றிப் போய் கட்டி வர எத்தனை நாள், அந்தச் செலவு எந்தக் கணக்கிலிருந்து? குழாயின் கடைசி முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா?

இவ்வளவுக்கும் விடை தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்; புதியவரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் தெரியாததை எப்படி எதிர்கொள்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். “அதெல்லாம் வந்தா பாத்துக்கலாம், நம்மகிட்ட ஆள் இருக்கு” என்பது ஒரு வகை. “டேங்க் ஆபரேட்டரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று போய், மறுநாள் வந்து சொல்வது இன்னொரு வகை. இரண்டாமவருக்குச் சாய்வாக ஒரு குறிப்பு எழுதலாம்.

அடுத்து, ஒரு வாய்க்கால் வேலை எப்படி நகர்கிறது என்று கேளுங்கள். தீர்மானம், ஓவர்சியர் போடும் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவு, பிறகு பில். இந்த வரிசையில் எங்கே சிக்கும் என்று தெரிந்தவரால்தான் ஒன்றிய அலுவலகத்தில் கோப்பை நகர்த்த முடியும். பட்டப்படிப்பு, சரளமான ஆங்கிலம், அதிகாரியை நாலு பேர் முன்னால் சத்தம் போடும் தைரியம் இவற்றை ஊர் திறமை என்று நினைக்கும். எல்லா சாவு வீட்டுக்கும் முதல் ஆளாய் வருவதையும்தான். அது நல்ல குணம், தப்பே இல்லை. ஆனால் அதிலிருந்து அளவுப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

அடையாளம் எதைச் சொல்கிறது

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளையும் ஒதுக்கப்படாதவற்றையும் ஒப்பிட்டு ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு இடத்திலும் பெண் தலைவர்கள் குடிநீரில் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். சாலை விஷயத்தில் முடிவு வேறு: வங்கத்தில் கூடியது, ராஜஸ்தானில் குறைந்தது. காரணம் எளிது. வங்கத்துப் பெண்கள் சாலையைப் பற்றியும் அதிகம் முறையிட்டார்கள், ராஜஸ்தானில் அப்படியில்லை. தலைவர் யார் என்பது எந்தக் குறை முதலில் கண்ணில் படும் என்பதை மாற்றியது. குடம் தூக்குகிறவருக்குத் தண்ணீர் வராத நாள் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டிமத்தி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்படத் தென் மாநில ஊராட்சிகளைப் பார்த்து, அதே 2004-இல் வெளியிட்டது இன்னும் நெருக்கமானது. வீடு, கழிப்பறை போன்று தனிக் குடும்பத்துக்குப் போகும் உதவிகளில் தலைவரின் சாதி வேலை செய்கிறது. பட்டியலின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் அம்மக்களுக்கு அவை கூடுதலாகச் சேர்ந்தன. ஆனால் பொதுச் சாலை, பொதுக் குழாய் போன்றவற்றில் தலைவர் எந்தக் கிராமத்தில் குடியிருக்கிறார் என்பது பெரிதாகப் பேசியது. ஒரே ஊராட்சியில் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும் நம் ஊர்களில் இதை மனதில் வையுங்கள். “நம்ம சாதிக்காரர்” என்று நீங்கள் ஓட்டுப் போட்ட ஆள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குக்கிராமத்துக்காரராக இருந்தால், உங்கள் தெரு விளக்குக்கு அந்தச் சாதி ஒளி தராது.

ஆகவே செய்ய வேண்டியது: ஒரு தாளில் உங்கள் ஊராட்சியின் குக்கிராமங்களையும் தெருக்களையும் வரையுங்கள், காலனியை விடாமல். தெருக்குழாய், எரியும் விளக்கு, சிமெண்ட் சாலை, வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை எங்கெங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று குறியுங்கள். இதுவரை தலைவராக இருந்தவர்களின் வீடுகளையும் குறியுங்கள். பெரும்பாலான ஊர்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது தெரியும். இப்போது ஒவ்வொரு வேட்பாளரையும் பற்றி இரண்டு கேள்வி. இவர் வந்தால் இதுவரை யார் கண்ணிலும் படாத எந்தத் தெரு கண்ணில் படும்? எந்தத் தெரு இவர் கண்ணிலிருந்து மறையும்?

இதுதான் அடையாளத்தின் நியாயமான உபயோகம். ஏற்கெனவே எல்லாம் வந்துசேர்ந்த தெருவிலிருந்து இன்னொரு முறை “நம்ம ஆளு” வருவதும், ஒரு தடவைகூட மேடையேறாத தெருவிலிருந்து ஒருவர் வருவதும் ஒரே மாதிரி ‘அடையாள ஓட்டு’ என்று எண்ணிவிடக் கூடாது. முதலாவதில் புதிதாக யாரும் எதையும் பார்க்கப்போவதில்லை. அடையாளம் சொல்லாதது மற்ற எல்லாமே: கணக்கு எழுதத் தெரியுமா, கை சுத்தமா, கோபம் வந்தால் என்ன செய்வார். உங்கள் சாதி என்பதால் உங்கள் வீட்டு வேலை நடக்கும் என்பதும் நிச்சயமில்லை. சொந்தக்காரரிடம் கேள்வி கேட்பதுதான் ஊரில் மிகக் கடினமான காரியம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

ஒதுக்கீட்டுத் தொகுதியில் ஏற்படும் தவறுகள்

புதியவர்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 50 விழுக்காடு பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. அப்படிப்பட்ட ஊராட்சியில் எல்லா வேட்பாளரும் ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதால் அடையாளக் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அங்கேதான் டம்மி வேட்பாளர் நுழைகிறார்.

பட்டியலின ஒதுக்கீட்டில் பண்ணைக்காரர் தன்னிடம் வேலை செய்பவரை நிறுத்துவதும், பெண்கள் ஒதுக்கீட்டில் கணவர் மனைவியை நிறுத்துவதும் ஒரே தந்திரம். கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. 2019-இல் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 300. அதைக் கட்டியது யார், முன்மொழிந்தது யார், பிரசார வண்டி யாருடையது என்று கேட்டாலே பெயர் வந்துவிடும். நோட்டீஸில் வேட்பாளர் படத்தைவிடப் பெரிய படம் யாருடையது என்றும் பாருங்கள்.

ஆனால் கணவர் பேசுகிறார் என்பதற்காகவே ஒரு பெண்ணை டம்மி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். ஊர் நடுவில் மைக் பிடித்துப் பேசுவது பெண்ணுக்கு அழகல்ல என்று சொல்லும் அதே வாய்தான் “அந்தம்மாவுக்குப் பேசத் தெரியாது” என்றும் சொல்லும். சுய உதவிக் குழுவில் அவர் என்ன செய்தார் என்று விசாரியுங்கள். ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர் என்றால் தீர்மானப் புத்தகம் எழுதியிருப்பார், வங்கிக் கடன் வாங்கிப் பங்கிட்டிருப்பார், தவணை தவறிய உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று வசூலித்திருப்பார். வரி வசூலுக்கும் கணக்குக்கும் இதைவிடப் பொருத்தமான முன்பயிற்சி வேறு இல்லை. குழுக் கூட்டம் நடக்கும் நாளில், கணவர் இல்லாத இடத்தில், மேலே சொன்ன தண்ணீர்க் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு தவறு பெரியது: முடக்கப்பட்டவரைத் திறமையற்றவர் என்று தீர்ப்பளிப்பது. ஊராட்சிப் பணம் வெளியே போக தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும். தலைவர் பட்டியலினத்தவர், துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரர் என்றால் கையெழுத்துப் போடாமல் இழுத்தே அவரை ஒன்றும் செய்யவிடாமல் பண்ண முடியும். ஆட்சியர் தலையிட்டு மாற்று ஏற்பாடு செய்யும் வரை மோட்டார்கூடப் பழுதுபார்க்க முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளிவந்து நாடே பார்த்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவரான பட்டியலினத்தவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்துப் பயணத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய, பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட நான்கு ஊராட்சிகளில் 1996-க்குப் பிறகு பத்தாண்டுகள் மனுப் போட ஆள் வராமலும், வென்றவர் உடனே ராஜினாமா செய்தும் பதவி காலியாகவே கிடந்து, 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது.

எனவே “அஞ்சு வருஷம் இருந்தார், ஒண்ணும் பண்ணல” என்று கேள்விப்பட்டால், என்னென்ன தீர்மானம் போட்டார், எந்தச் செலவு எந்தக் கையெழுத்தில் நின்றது, ஆட்சியருக்கு மனு எழுதினாரா என்று தேடுங்கள். தடைகளுக்கு நடுவே ஒரு வாய்க்காலைக் கட்டி முடித்தவரும், எல்லாக் கதவும் திறந்திருந்தும் மூன்றே வாய்க்கால் கட்டியவரும் இருந்தால் முன்னவரை நான் மேலே வைப்பேன். மனுவும் எழுதவில்லை, தீர்மானமும் இல்லை என்றால் அது வேறு கதை. அங்கே அடையாளத்தைக் கேடயமாகப் பிடிக்க இடம் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்து முடிவெடுக்கும்போது

மதிப்பெண் போட்டுக் கூட்டுவது வேலைக்கு ஆகாது. சாதிக்கு 4, நாணயத்துக்கு 3, அனுபவத்துக்கு 3 என்று போட்டால், நாணயத்தில் பூஜ்யம் வாங்கியவர்கூட மற்றதில் ஏறி வந்துவிடுவார். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கழித்தல். பதவியை ஏலம் எடுத்தவர், ஓட்டுக்குப் பணம் கொடுப்பவர், ஊராட்சி காண்டிராக்டைப் பினாமி பெயரில் ஓட்டுபவர், டம்மி. ஏலம் என்பது கற்பனை இல்லை, 2019 தேர்தலின்போது பல ஊர்களிலிருந்து செய்தி வந்தது. கோயிலுக்குக் கொடுக்கிறார் என்று சொல்லி அதைப் புண்ணியக் காரியம் போல ஆக்கிவிடுவார்கள். பணக் கணக்கு தெளிவானது. 2023-இல் தலைவரின் மதிப்பூதியம் மாதம் 1,000-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஐந்து வருடத்துக்கு 1,20,000. 2019-இல் தலைவர் வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 34,000. பத்து லட்சம் செலவழிப்பவர் மீதியை எங்கிருந்து எடுப்பார் என்பதற்கு உங்கள் வாய்க்கால் மதிப்பீட்டில் விடை இருக்கும். இந்தக் கட்டத்தில் சாதி, சொந்தம், பால் எதற்கும் சலுகை கிடையாது.

அடுத்து வேலை. மீதியிருப்பவர்களில் யாரால் இந்தப் பதவியை நடத்த முடியும் என்று மட்டும் பாருங்கள். முதலிடம் யார் என்று தேட வேண்டாம். போதுமான அளவு செய்யக்கூடியவர்கள் யார் யார் என்று பிரித்தால் போதும். வழக்கமாக இரண்டு பேர் மிஞ்சுவார்கள், அதிசயமாக மூன்று.

அதற்குப் பிறகுதான் அடையாளம். வரைந்துவைத்த தாளை எடுத்து, மிஞ்சியவர்களில் யார் வந்தால் விடுபட்ட தெரு கண்ணில் படும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு அ, ஆ என்று இருவர் மிஞ்சுகிறார்கள். அ முன்னாள் வார்டு உறுப்பினர், பெரிய தெருக்காரர், கோப்பு நகர்த்தத் தெரிந்தவர். ஆ சுய உதவிக் குழுவில் எட்டு வருடம் கணக்குப் பார்த்தவர், காலனிக்காரர், ஒன்றிய அலுவலகப் பழக்கம் குறைவு. அலுவலகப் பழக்கம் ஆறு மாதத்தில் வரும். காலனிக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது பெரிய தெருக்காரருக்கு இத்தனை வருடத்தில் தெரியவில்லை. ஆ-வுக்குச் சாய்வது நியாயம். அதே அ கையில் காலனிக்குக் குழாய் இழுத்த சான்று இருந்தால் கதை மாறும், அப்போது அவர் எந்தத் தெரு என்பது பெரிதல்ல.

கடைசியாக ஒரு சோதனை. ஒவ்வொருவரைப் பற்றியும் நீங்கள் எழுதிய குறிப்பில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் படியுங்கள். உங்கள் பங்காளி கத்தினால் ‘தைரியசாலி’, அடுத்த தெருக்காரர் கத்தினால் ‘திமிர்’ என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். “இவருக்கு அனுபவம் இல்லை” என்பதை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எழுதினோமா என்றும் பாருங்கள். அனுபவமின்மை பெண்களுக்கும் காலனிக்காரர்களுக்கும் மட்டும் குற்றமாவது ஊர் வழக்கம். பெரிய வீட்டுப் பையன் கல்லூரி முடித்த கையோடு நின்றால் ‘இளரத்தம்’ என்பார்கள்.

வார்டு உறுப்பினர் சீட்டை வீணாக்காதீர்கள்

ஊராட்சித் தேர்தலில் கைக்கு வருவது பொதுவாக நான்கு வாக்குச்சீட்டு. 2019-இல் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். தலைவர் சீட்டில் இவ்வளவு யோசித்துவிட்டு வெள்ளைச் சீட்டில் மாமன் முகத்துக்காக முத்திரை குத்திவிட்டு வருபவர்கள்தான் அதிகம். துணைத் தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். செலவுக்கான இரண்டாவது கையெழுத்து அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே வார்டு வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது, துணைத் தலைவருக்கு யாரை ஆதரிப்பீர்கள், தலைவர் வேறு சாதிக்காரராக வந்தாலும் கையெழுத்து நிற்காது என்று நாலு பேர் முன்னால் சொல்வீர்களா என்று கேளுங்கள். சொல்கிறவருக்கு வெள்ளைச் சீட்டு.